சக்கர ஹாக்கியும் கூட்டுப் பயிற்சியும்

விளையாட்டிற் புகழ் பெறுவோர் அதனைக் களத்திலே பெறுகின்றனர் என்பது பொதுமக்கள் கொள்கை. அப்புகழுக்கு வேண்டிய தகுதியை அவர்கள் தேடிக்கொள்வது காண்பார் ஒருவருமில்லாத காலைப் பொழுதுகளில் என்பதை அறிந்தோர் சிலரே. தனியொருவன் ஓடும் ஓட்டத்துக்கே இஃது உண்மையாயின், பலர் ஒருங்குகூடி ஆடும் ஆட்டத்துக்கு எத்துணை மடங்கு உண்மையாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? எனினும், பிறநாட்டுப் பந்தயத்துக்கு ஓர் அணியை அனுப்ப முற்படுவோர் முதலில் விசாரிப்பது பயணச்சீட்டைப் பற்றியும் சட்டையின் நிறத்தைப் பற்றியுமே. பயிற்சியைப் பற்றிய விசாரம் இறுதியில், நாள் மிஞ்சினால், எழுகின்றது. வெளியூர்ப் பந்தயங்களுக்குச் சென்ற மாணவர் குழுக்களுள், ரயில் நிலையத்திலேதான் ஒருவர் பெயரை ஒருவர் முதன்முதலாய்க் கேட்டறிந்த குழுக்களை நாமே கண்டதுண்டு. ஊருக்கு ஊர் செல்லும் ஆட்டத்தில் இக்குறை சிரிப்புக்கு இடமாகும். நாட்டுக்கு நாடு செல்லும் ஆட்டத்திலோ அது வருந்தத்தக்கதாகும். இவ்வுண்மையை விளக்குதற்கு, நம்மிற் பலர் இன்னும் கண்ணாற் காணாத ஓர் ஆட்டத்தை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். அது இன்லைன் ஹாக்கி என்பது.

ஒரே வரிசையில் நான்கு சிறு சக்கரங்கள் பொருத்திய காலணியை அணிந்து, நுனி வளைந்த கோலைக் கையிற்கொண்டு, பக் எனப்படும் தட்டையான வட்டவில்லையை எதிரணியின் வலைக்குள் செலுத்துவதே இவ்வாட்டம். பனிக்கட்டித் தரையில் ஆடப்படும் ஐஸ் ஹாக்கிக்கு இது தம்பி முறையாகும். அங்கே கோல்காவலரோடு அறுவர் ஒரு பக்கத்தில் நிற்பர். இங்கே ஐவரே நிற்பர். அங்கே தோளால் மோதி எதிரியைத் தள்ளுதல் விதிக்கு உட்பட்டது; இங்கே அது குற்றம். அங்கே களத்தை மூன்றாகப் பகுக்கும் நீலக் கோடுகள் உண்டு. இங்கே அவை இல்லை. ஆதலின் வன்மையினும் விரைவும், விரைவினும் ஒருவர் குறிப்பை ஒருவர் அறியும் நுண்மையும் இவ்வாட்டத்தில் மிகுதியும் வேண்டப்படுகின்றன.

சக்கரக் காலணியின் வரலாறே பயிற்சியின் அருமையை நமக்கு உணர்த்துகின்றது. 1760-ஆம் ஆண்டுகளில் லண்டன் மாநகரில் வாழ்ந்த ஜோசப் மெர்லின் என்னும் கருவி வல்லுநர், தாம் அமைத்த சக்கரக் காலணியை அணிந்து, வயலின் வாசித்தவண்ணம் ஒரு விருந்து மண்டபத்தில் வலம் வந்தாரென்றும், நிறுத்தவோ திருப்பவோ அறியாது விலையுயர்ந்த பெரிய கண்ணாடி ஒன்றில் மோதி, அதனையும் வயலினையும் உடைத்துத் தாமும் காயமுற்றாரென்றும் கூறுவர். போகக் கற்றவர் நிற்கக் கற்றிலர்! கருவியை ஆக்கிய அறிஞருக்கே பயிற்சியின்றி அக்கருவி வசப்படவில்லை. பின்னர் 1819-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பெத்திப்ளே என்பவர் சக்கரங்களை ஒரே வரிசையில் அமைத்து உரிமைப் பட்டயம் பெற்றார். 1863-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ஜேம்ஸ் பிளிம்ப்டன் முன்னிரண்டும் பின்னிரண்டுமாகச் சக்கரங்களை அமைக்கவே, எளிதில் திரும்பத்தக்க அவ்வமைப்பு உலகெங்கும் பரவி, வரிசைச் சக்கரம் மறைந்தொழிந்தது போலாயிற்று.

மறைந்த அதனை மீண்டும் எழுப்பியது எது? பயிற்சியின் தேவையே. அமெரிக்காவின் வடபாலுள்ள மினசோட்டா மாகாணம் கடுங்குளிர் நாடு. அங்கே ஐஸ் ஹாக்கி சிறுவர்க்கும் உயிரனையது. கோடையில் பனி உருகியபின் அவர்கள் என் செய்வது? 1980-ஆம் ஆண்டை ஒட்டி, மினியாபொலிஸ் நகரத்தைச் சேர்ந்த ஸ்காட் ஆல்சன், பிரென்னன் ஆல்சன் என்னும் சகோதரர் இருவர், பழைய வரிசைச் சக்கரக் காலணி ஒன்றைக் கண்டு, ‘பனியில்லாத காலத்தும் பனிமேற் செல்வது போலப் பழகுதற்கு இது தக்கது’ என உணர்ந்து, அதனைத் திருத்தி விற்கத் தொடங்கினர். ரோலர்பிளேடு என உலகறிந்த காலணி இவ்வாறு பிறந்தது. விளையாட்டுக்காகப் பயிற்சி தோன்றுதல் உலக வழக்கு. இங்கோ பயிற்சிக்காகச் செய்த கருவியினின்றும் ஒரு தனி விளையாட்டே வளர்ந்தது. அவ்விளையாட்டுக்கு உலகப் பந்தயம் முதன்முதல் 1995-ஆம் ஆண்டில் சிக்காகோவில் நிகழ்ந்தது. ஐஸ் ஹாக்கிச் சங்கத்தாரும் அடுத்த ஆண்டில் மினியாபொலிஸ் நகரத்திலேயே தம் சார்பில் ஓர் உலகப் பந்தயம் தொடங்கினர். அதனை அவர்கள் 2019-ஆம் ஆண்டில் கைவிட்டனர். 2017-ஆம் ஆண்டுமுதல் வேர்ல்ட் ஸ்கேட் எனப் பெயர் பூண்ட உலகச் சக்கர விளையாட்டுச் சங்கமோ, அவ்வாண்டில் சீனத்து நான்ஜிங் நகரிலும், 2019-இல் பார்சிலோனாவிலும், 2022-இல் அர்ஜென்டினாவிலும், 2024-இல் இத்தாலியிலும் சக்கர விளையாட்டுக்கள் அனைத்தையும் ஒருங்கே கூட்டிப் பெருவிழா எடுத்தது. இன்லைன் ஹாக்கியும் அதன்கண் ஓர் அங்கமாகும்.

இனி, இத்தகைய பந்தயத்துக்குச் செல்லும் அணியை எங்ஙனம் ஆயத்தஞ் செய்வது என்பதே வினா. திறமையுடையாரைப் பல ஊர்களினின்றும் பொறுக்கியெடுத்து, பதினைந்து நாள் ஓரிடத்திற் கூட்டி அனுப்பினாற் போதும் என்பர் சிலர். நாம் இக்கொள்கையை முற்றும் மறுக்கின்றோம். நல்ல செங்கற்களை ஓரிடத்திற் குவித்தமாத்திரத்தில் அது வீடாகிவிடாது.

மறுத்தற்குரிய சான்றும் அதே மினசோட்டாவிலிருந்தே கிடைக்கின்றது. 1980-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் லேக் பிளாசிட் என்னும் ஊரில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவில், ஐஸ் ஹாக்கியில் தொடர்ந்து நான்கு முறை தங்கப்பதக்கம் பெற்றிருந்த சோவியத் அணியை அமெரிக்க அணி 4-3 என்ற கணக்கில் வென்றது. வென்றவர் யார்? பெரும்பாலும் கலாசாலை மாணாக்கர். 20 பேருள் 12 பேர் மினசோட்டா நாட்டினர். அவர்களைப் பழக்கியவர் மினசோட்டாப் பல்கலைக்கழகத்துப் பயிற்றுநராயிருந்த ஹெர்ப் புரூக்ஸ். 1979-ஆம் ஆண்டுக் கோடையிலேயே அணியைத் தெரிந்தெடுத்து, ஒலிம்பிக்குக்கு முன் 61 பயிற்சி ஆட்டங்கள் ஆடுவித்தார். விழாவுக்குச் சில தினங்களுக்கு முன்புகூட அதே சோவியத் அணியிடம் அவர்கள் 10-3 எனப் படுதோல்வியுற்றனர். ஆயினும் அரையாண்டுக்கு மேல் ஒருங்கே உண்டு, ஒருங்கே பயணஞ் செய்து, ஒருங்கே தோற்றுப் பழகியிருந்தமையால் அத்தோல்வி அவர்களைச் சிதறடிக்கவில்லை. பதினைந்து நாள் பழகிய அணியாயின், அன்றிரவே ஒருவரையொருவர் குறைகூறித் தீர்ந்திருக்கும்.

புரூக்ஸ் செய்தனவெல்லாம் பின்பற்றத்தக்கன என்று நாம் கூறவில்லை. நார்வே நாட்டில் ஓர் ஆட்டம் சமனாக முடிந்தபோது, அணியினர் மனம் வைத்து ஆடவில்லை எனச் சினந்து, ஆட்டம் முடிந்தபின்னும் அவர்களைக் களத்தில் நிறுத்தி, விளக்குகள் அணைந்தபின்னரும் ஓடுவித்தார் என்பது பலரறிந்த கதை. அக்கடுமையைக் கதையாகக் கேட்டு மகிழும் பயிற்றுநர் பலர், அவர்தம் நீண்ட ஏற்பாட்டைக் கற்பதில்லை. கடுமை ஒரு நாளிற் செய்யக்கூடியது. ஏற்பாட்டுக்கோ ஓராண்டு உழைப்பு வேண்டும். ஆதலினாலேதான் முன்னதைப் பின்பற்றுவோர் பலரும், பின்னதைப் பின்பற்றுவோர் சிலருமாயினர்.

ஏற்பாடு என்பது யாது? இன்லைன் ஹாக்கிக்கு ஏற்றவாறு சில கூறுவோம். முதலாவது, தரை. இவ்வாட்டம் ஓரூரில் வழுவழுப்பான சிமெண்டுத் தளத்திலும், மற்றோரூரில் பிளாஸ்டிக் பலகைகளை இணைத்த தளத்திலும் ஆடப்படுகின்றது. தளத்துக்குத் தளம் வில்லை ஓடும் விரைவு வேறு. சக்கரம் பற்றும் பற்றும் வேறு. உள்ளரங்கத் தளத்துக்கு மென்மையான சக்கரமும், கரடான வெளித்தளத்துக்கு வன்மையான சக்கரமும் ஏற்றன. சிமெண்டில் ஆறு திங்கள் பழகியவன் பிளாஸ்டிக் தளத்தில் முதல் நாள் கால்வைக்கும்போது, தன் காலே தனக்கு அந்நியமாதலை உணர்வான். ஆகவே பந்தயம் நிகழும் தளம் இன்னதென்று முன்கூட்டியே கேட்டறிந்து, அத்தகைய தளத்திலே பழக்குதல் வேண்டும்.

இரண்டாவது, கோல்காவலர். பனித்தரையில் முழந்தாளிட்டு வழுக்கிச் சென்று வலையை மறைத்தல் எளிது. சக்கரத் தளத்திலோ உராய்வு தடுக்கின்றது. ஐஸ் ஹாக்கியிற் சிறந்த காவலரும் இங்கே தம் வித்தையை மீண்டும் கற்கவேண்டியவராவர். பயிற்சி நாட்களில் மற்றையோர் பந்தடிக்கும் சுவர்போல அவரை நிறுத்திவிட்டு, அவருக்கென ஒரு நாழிகையும் ஒதுக்காதிருத்தல் பல பயிற்றுநரின் வழக்கம். அவருக்குத் தனிப் பயிற்சியும், இரண்டாங் காவலருக்குப் பயிற்சி ஆட்டங்களில் உண்மையான பங்கும் கொடுத்தல் முறை. முதற் காவலர் காயமுற்ற வேளையில் அல்லவா இரண்டாமவரின் பெருமை தெரிகின்றது?

மூன்றாவது, நால்வர் கூட்டம். ஆட்டம் 20 நிமிஷம் கொண்ட இரு பகுதிகளாக நடைபெறுகின்றது. ஆயினும் ஒருவர் ஒரு முறை களத்தில் முழுவேகத்தோடு நிற்கத்தக்கது ஏறக்குறைய ஒரு நிமிஷமே. ஆட்டம் நின்றாலன்றி ஆள் மாற்றலாகாது என்னும் விதி இல்லாமையால், ஓடிக்கொண்டிருக்கும்போதே நால்வர் வெளியேற நால்வர் உட்புகுவர். ஒருவர் சற்று முந்திப் புகுந்தால் ஆள் மிகுதியாயிற்று என்று தண்டனை. சற்றுப் பிந்தினால் எதிரணிக்குத் திறந்த வழி. இம்மாற்றத்தைச் செவ்வனே செய்தல் தனித்திறமையால் வருவதன்று. ஒரே நால்வரை நெடுநாள் ஒருங்கே வைத்துப் பழக்குவதனால் வருவது. தண்டனையால் ஓராள் குறைந்து மூவராய் நின்று காக்கும் முறையையும், எதிரணியில் ஓராள் குறைந்தபோது நால்வராய் முற்றுகையிடும் முறையையும் இவ்வாறே பழக்கவேண்டும். ஐஸ் ஹாக்கியிலிருந்து வந்தோர் பழக்கத்தால் தோள் கொடுத்து மோதித் தண்டனை தேடிக்கொள்ளுதல் இயல்பாதலின், பயிற்சி ஆட்டங்களிலும் நடுவர் ஒருவரை அமர்த்தி, பந்தயத்தில் தண்டிப்பது போலவே தண்டித்தல் நன்று.

நான்காவது, தேர்வு. வேண்டிய எண்ணுக்கு மேலாகச் சிலரைச் சேர்த்துப் பழக்கி, இறுதியில் சிலரை விலக்குதல் தவிர்க்கவொண்ணாதது. புரூக்ஸும் அங்ஙனமே செய்தார். 1960-ஆம் ஆண்டில் தங்கம் வென்ற அமெரிக்க அணியினின்றும் கடைசியாக விலக்கப்பட்டவர் அவரே என்பதை நினைக்குந்தோறும், விலக்கப்பட்டவனை எங்ஙனம் நடத்துதல் வேண்டும் என்னும் கேள்வி எழுகின்றது. காரணத்தை நேரிற் சொல்லி, பயிற்சியில் அவன் செய்த உதவியைப் பலரறிய மெச்சி, அடுத்த ஆண்டுக்கு வருமாறு அழைத்தல் வேண்டும். சுவரில் ஒட்டிய காகிதத்தில் தன் பெயர் இல்லாமையைக் கண்டு தானே உணர்ந்து வீடு செல்லுமாறு விடுதல் அறமன்று.

இவையனைத்தும் எளியனவே, ஆனால் இவற்றுக்கெல்லாம் பொருள் வேண்டும். இங்கேதான் நாம் முக்கியமாகச் சொல்லக் கருதியது வருகின்றது. மக்கள் திரண்டு காணும் ஆட்டங்களுக்குச் செல்வர் உதவுவர். சிறிய ஆட்டங்களிலோ, காலணியும் கவசமும் களவாடகையும் பயணச்செலவும் ஆடுவோரின் பெற்றோர் தலையிலேயே பெரும்பாலும் விழுகின்றன. கோல்காவலருக்கோ முகமூடியும் மார்புக் கவசமும் பெரிய கால்கவசமும் என்று செலவு இன்னும் மிகும். இதன் பயன் யாது? தேர்வாளர் மூவர் மேசையருகே அமர்ந்து குறிப்பெழுதினும், உண்மையிலே தேர்ந்தெடுப்பது பணப்பையே. திறமையுடைய ஏழைச் சிறுவன் தேர்வுக்கே வருவதில்லை. வாராதவனை யாரும் விலக்கியதாகவும் எழுதுவதில்லை. பின்னர் அணி தோற்றால், ‘நம் நாட்டில் ஆள் இல்லை’ என்கின்றோம். ஆள் இல்லை என்பது பொய். வாயிலில் கட்டணம் வைத்தோம் என்பதே மெய்.

ஆகையால், ஓர் அணியை அனுப்பக் கருதும் சங்கத்தார் முதலிற் செய்யத்தக்கது பொருள் சேர்த்தலே, அதன்பின்னரே தேர்வு. கவசங்களையும் காவலர் கருவிகளையும் சங்கத்தின் பொதுவுடைமையாக வைத்து, கலாசாலை நூல்நிலையம் நூல் கொடுப்பது போல இரவலாகக் கொடுத்தல் வேண்டும். இவ்வளவு செய்தும், பயணம் அல்லது பயிற்சி ஆகிய இரண்டில் ஒன்றுக்கே பொருள் போதுமாயின், எதனைக் கொள்வது? பயணத்தை விடுத்துப் பயிற்சியைக் கொள்க என்பதே எமது துணிபு. பிறநாட்டாரோடு ஆடினாலன்றி ஆட்டம் வளருமோ என்று சிலர் வினவுவர். வினா தக்கதே, வல்லாரோடு ஆடுதல் பெரிய கல்விதான். ஆனால் பாடத்தைத் தொடாதவன் பரீட்சை மண்டபத்தைப் பார்த்து வருவதனாற் பெறும் கல்வி சிறிது. ஓராண்டுப் பந்தயத்தை விடுத்து, அப்பொருளைக்கொண்டு 40 சிறுவர்களைப் பழக்கினால், அடுத்த பந்தயத்துக்குச் செல்வோர் பெற்றோர் பொருளால் அன்றித் தம் திறமையால் செல்வர்.

சக்கரக் காலணி நம் நாட்டுக்கு ஒவ்வாதது என்று இனி யாரும் கூறுதற்கில்லை. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில், 3000 மீட்டர் சக்கரத் தொடரோட்டத்தில் இந்திய ஆடவரும் மகளிரும் ஆளுக்கொரு வெண்கலம் பெற்றனர். ஆடவர் அணியில் ஓடிய சென்னை இளைஞர் ஆனந்த்குமார் வேல்குமார், 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் சீனத்தில் நிகழ்ந்த உலகப் பந்தயத்தில் 1000 மீட்டர் ஓட்டத்தில் முதல்வராகி, விரைவோட்டச் சக்கரப் பந்தயத்தில் உலக வெற்றி பெற்ற முதல் இந்தியரெனப் புகழ் எய்தினார். இவை விரைவோட்ட வெற்றிகள். தனியோட்டத்தில் ஒருவர் தம் உழைப்பாலும் குடும்பத்தார் தியாகத்தாலும் எத்தடையையும் கடந்து உச்சி எய்துதல் கூடும். அணியாட்டத்தில் அது கூடாது. ஒருவர் எத்துணை வல்லவராயினும், மற்றை மூவரும் காவலரும் அவரோடு பழகியவராயிருந்தாலன்றி அவர் வன்மை வீணே. தொடரோட்டத்தில்கூட, ஓடி முடிப்பவர் அடுத்தவரைக் கையால் உந்திவிடும் அந்தக் கணம் கூட்டுப் பயிற்சியின் பயனன்றோ?

இதனைப் படிக்கும் மாணவ நண்பர்களுள் சிலர் இன்னும் பத்து ஆண்டுகளில் ஆசிரியராகவும், அதிகாரிகளாகவும், சங்கங்களின் காரியதரிசிகளாகவும் விளங்குவர் என்பது திண்ணம். பழைய மாணவருட் பலர் இன்றே அந்நிலையில் உள்ளனர். ஏதேனும் ஓர் ஆட்டத்துக்கு அணி ஒன்றை ஆயத்தஞ் செய்யும் பொறுப்பு அவர்கள் கைக்கு ஒருநாள் வரும். அப்பொழுது பயணச்சீட்டையும் சட்டையின் நிறத்தையும் விசாரிப்பதற்கு முன், இரண்டு கேள்விகளை அவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வார்களாக. ‘இவர்கள் எத்தனை நாள் ஒருங்கே பழகினர்? பொருளின்மையால் இங்கு வாராது நின்றவர் யார்?’ இவ்விரண்டுக்கும் நாணமின்றி விடை கூறவல்ல அணி, வெற்றியோடு திரும்பினும் தோல்வியோடு திரும்பினும், தன்னை அனுப்பிய நாட்டுக்கு நன்மையே செய்ததாகும்.